வித்தியாசம் இல்லை என்று முடிந்த தீசிஸ்

குமரி மாவட்டத்தில் யாருக்காவது இதயத்தில் பெரிய கோளாறு என்று தெரிந்தால் வண்டி மதுரைப் பக்கம் திரும்புவது குறைவு. மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று திருவனந்தபுரம் போய்த்தான் நிற்கும். 1956 நவம்பர் 1 அன்று நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டோம். எங்கள் நெஞ்சுவலி மட்டும் இன்னும் திருவிதாங்கூரிலேயே இருக்கிறது என்று நான் சொல்வதுண்டு.

நானும் அந்த வழியில்தான் படிக்கப் போனேன். மருந்தாளுநர் படிப்பான ஃபார்ம்.டி முடித்துவிட்டு கிளினிக்கல் ரிசர்ச்சில், அதாவது நோயாளிகளை வைத்துச் செய்யும் மருத்துவ ஆராய்ச்சியில், முதுகலை. எல்லைக்கு அந்தப் பக்கம் கல்லூரி, இந்தப் பக்கம் வீடு. வகுப்பில் மலையாளமும் இங்கிலீஷும், வார்டுக்குள் நுழைந்தால் எங்கள் ஊர்த் தமிழ். தீசிஸுக்கான விஷயமும் அந்த வார்டில்தான் கிடைத்தது. உலோக வால்வு வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க அசிட்ரோம் மாத்திரை தின்கிறவர்கள்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துவிடும். அதை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு வைப்பார்கள். உலோக வால்வின்மேல் ரத்தம் உறையப் பார்க்கும். உறைந்தால் வால்வு இறுகிப்போகலாம், இல்லையென்றால் கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். அதனால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. மாத்திரை கொஞ்சம் கூடிப்போனால் ரத்தக்கசிவு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எவ்வளவு என்று பார்ப்பதற்கு ஐஎன்ஆர் என்றொரு ரத்தப் பரிசோதனை. மைட்ரல் என்ற இடப்பக்க வால்வை மாற்றியவர்களுக்குப் பொதுவாக 2.5க்கும் 3.5க்கும் நடுவே நிற்க வேண்டும். திடீரென்று நிறைய முருங்கைக்கீரை தின்றால் இறங்கும், காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் எடுத்தால் ஏறும். அடிக்கடி ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

என் கேள்வி எளிமையானது. மருந்தாளுநர் ஒருவர் மாதாமாதம் போன் செய்து மாத்திரையையும் பரிசோதனையையும் நினைவூட்டினால் ஐஎன்ஆர் சரியான அளவில் நிற்கும் நாட்கள் கூடுமா? பாதிப் பேருக்குப் போன், பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கும், சீட்டுக் குலுக்கிப் போடுவதைப் போல.

இந்தச் சீட்டு விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் வாங்குவதுதான் முதுகலைப் படிப்பிலேயே கடினமான பாடம். புத்தகத்தில் அரைப் பக்கம்கூட இருக்காது. ஓபி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு மாமி படிவத்தை முழுதும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “டாக்டருக்கு எது நல்லதுன்னு தெரியாமலா சீட்டுப் போடுகியோ?” என்றார். ஆமாம், தெரியாததனால்தான் போடுகிறோம் என்றேன். “அப்பம் தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டு வா மக்களே” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். கையெழுத்துப் போடவில்லை. போடாததற்காக அவருக்குக் கிடைக்கும் சிகிச்சையில் ஒரு குறையும் வரக்கூடாது. அதையும் படிவத்திலேயே எழுதியிருந்தோம். வைத்தியரே தெரியாது என்று சொல்வதைக் கேட்கும் நிலையில் நோயாளிகள் எங்கள் பக்கத்தில் இல்லை. தனக்கு எது நல்லதோ அதைத்தான் டாக்டர் பொறுக்கித் தந்திருப்பார் என்று, கையெழுத்துப் போட்ட பிறகும் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது தூத்தூர்க்காரர்கள். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை ஆட்கள் ஆழ்கடலுக்குப் பேர் போனவர்கள். கிளம்பினால் ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்துத்தான் கரை. வால்வு வைத்தவர்களைப் போகவேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். கடன் இருந்தால் போவார்கள். “போன் பண்ணுங்க, எடுக்கேன். ஆனா அங்க எந்த டவர் இருக்கு?” என்று சிரித்தார் ஒருவர். அவருடைய தாளில் ‘தொடர்பில் இல்லை’ என்று வரிசையாக நிரப்பியிருக்கிறேன். அந்தச் சமயத்தில் அவர் லட்சத்தீவுக்கு அப்பால் எங்கோ சூரை பிடித்துக்கொண்டிருந்திருப்பார்.

முடிவில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. பி-மதிப்பு என்றொரு எண் 0.05க்குக் கீழே வந்தால்தான் வித்தியாசம் தற்செயல் அல்ல என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். அது அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூட இல்லை.

ஆனால் இரண்டு குழுவுமே ஆய்வில் சேர்வதற்கு முன்பு இருந்ததைவிட நன்றாக இருந்தன. போன் போகாத குழுவும்தான். சம்மதம் வாங்கும் சாக்கில் அரைமணி நேரம் உட்கார்ந்து ஐஎன்ஆர் என்றால் என்ன, கீரை என்ன செய்யும் என்று விளக்கியதே அவர்களுக்குப் போதுமாயிருந்திருக்கலாம். கவனிக்கிறார்கள் என்று தெரிந்தாலே ஆள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதும் உண்டு. ஒப்பிட ஒரு குழு இல்லாமல் எல்லாருக்கும் போன் செய்திருந்தால், போன் அழைப்பு பிரமாத வெற்றி என்று படம் போட்டுக் காட்டியிருப்பேன்.

சீனியர் ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: “அந்தக் கடல் கேஸை எல்லாம் எடுத்துட்டு ஒருதடவை கணக்குப் போட்டுப் பாரேன், வரும்.” வந்திருக்கவும் கூடும். என் கைடு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் தமிழ் கொஞ்சம் மலையாள வாசம் அடிக்கும்: “சீட்டு எந்தப் பக்கம் வீணதோ, ஆளும் அந்தப் பக்கம்தான். கடலில் போனவனும் கணக்கில் உண்டு.” வீணது என்றால் விழுந்தது. யோசித்துப் பார்த்தால் நியாயம் புரியும். நாளைக்கு இந்தத் திட்டத்தை மாவட்டம் முழுக்கக் கொண்டுவந்தாலும் தூத்தூர்க்காரர் கடலுக்குத்தான் போவார். அவரை நீக்கிவிட்டு எடுக்கும் விடை கரையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும் பொருந்தும்.

வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தீசிஸைப் புரட்டிவிட்டு, “இவ்வளவு பாடுபட்டு ஒண்ணும் கிடைக்கலையேம்மா” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, இரக்கத்தோடுதான் சொன்னார். எனக்கு அந்த இரக்கம்தான் உறுத்தியது. ஏனென்றால் அந்தக் கல்லூரியைச் சுற்றியும் கேரளத்திலும் நடந்த பெரிய ஆராய்ச்சிகளை எடுத்துப் பார்த்தால், பல ‘இல்லை’ என்ற விடையைத் தாங்கிக்கொண்டவை.

என் நோயாளிகளின் நெஞ்சில் இருந்த வால்வையே எடுத்துக்கொள்வோம். பலருக்கு ‘சித்ரா வால்வு’. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில், பூஜப்புரையிலுள்ள பழைய சாட்டல்மண்ட் அரண்மனையில் இயங்கும் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவில் உருவானது. இதய அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான் தலைமை. நோயாளிகள் ஏழைகள், வெளிநாட்டு வால்வின் விலை அவர்களுக்கு எட்டாது, ஆகவே நாமே செய்வோம் என்று 1970களின் பிற்பகுதியில் இறங்கினார்கள். முதல் வடிவம் தோற்றது. இரண்டாவதும். மூன்றாவதும். டைட்டானியத்தை மாற்றினார்கள், செயற்கை நீலக்கல்லில் தட்டுச் செய்துகூடப் பார்த்தார்கள். கேட்கவே ராஜபோகமாக இருக்கிறது, வேலைக்காகவில்லை. கடைசியில் கோபால்ட் கலப்பு உலோகக் கூட்டுக்குள் ஒருவகை உறுதியான பாலித்தீன் தட்டு வைத்த நான்காவது வடிவம், செம்மறி ஆடுகளில் சோதித்த பிறகு, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இன்றைக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் அந்த வால்வைப் பொருத்தியாகிவிட்டது. ஆய்வுக்கூடத்திலிருந்து நோயாளிவரை ஒரு பொருளைக் கொண்டுசேர்க்கும் ஆராய்ச்சிக்கு இந்தியாவில் இதைவிட நல்ல உதாரணம் சொல்வது கடினம். அந்த மூன்று தோல்விகளையும் ஒளிக்காமல் எழுதிவைத்ததனால்தான் எந்தப் பொருள் எதை அரிக்கும் என்ற அறிவு நான்காவதுக்குக் கிடைத்தது.

அடுத்தது மாரடைப்பு. கேரளத்தின் 63 மருத்துவமனைகளில், மாரடைப்போடு வந்த 21,374 பேரை வைத்து நடந்த ஆய்வு. 2018ல் வெளியானது, ‘ஏசிஎஸ் குயிக்’ என்று பெயர். புது மருந்து எதுவும் இல்லை. நோயாளி சேரும்போதும் வீட்டுக்குப் போகும்போதும் பார்க்கவேண்டிய சரிபார்ப்புப் பட்டியல், மருத்துவமனைக்குத் தன் வேலை எப்படியிருக்கிறது என்று காட்டும் மாதாந்திர அறிக்கை, அவசரக் குழுவுக்குப் பயிற்சி, நோயாளிக்கு விளக்கத்தாள். அவ்வளவுதான். எந்த மருத்துவமனைக்கும் இது இல்லை என்று சொல்லவும் கூடாது, எல்லாருக்கும் ஒரே நாளில் கொடுத்துவிட்டால் ஒப்பிடவும் முடியாது. அதனால் படிப்படியாக ஒவ்வொரு அணியாக, சீட்டுப் போட்டு வந்த வரிசையில் உள்ளே கொண்டுவந்தார்கள்.

30 நாளுக்குள் இறப்பு, மறுபடி மாரடைப்பு, பக்கவாதம், பெரிய ரத்தக்கசிவு என்று கணக்கெடுத்தார்கள். திட்டத்துக்கு முன் 6.4 சதவீதம், திட்டம் வந்தபின் 5.3 சதவீதம். இருபதாயிரம் பேரில் ஒரு சதவீதம் என்பது நிறைய உயிர். இங்கேயே நிறுத்தியிருந்தால் பத்திரிகைகள் கொண்டாடியிருக்கும். அவர்கள் நிறுத்தவில்லை. அந்த இரண்டு வருடத்தில் கேரளத்தின் இதய சிகிச்சை தானாகவே முன்னேறிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் காலப்போக்கைக் கணக்கில் சேர்த்துக் கழித்தபோது வித்தியாசம் மறைந்துவிட்டது. திட்டத்தால் வந்த பலன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதினார்கள். பெரிய மருத்துவ இதழ் ஒன்று அதை அப்படியே போட்டது. வைவாவுக்கு முந்தின இரவு நான் வாசித்துக்கொண்டிருந்தது இந்தக் கட்டுரையைத்தான். என் போன் அழைப்புக்கு நடந்ததும் இதேதான், சின்ன அளவில்.

வாய்ப்புற்றுக்கான பரிசோதனை பற்றித் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளில் நடந்த ஆய்வு வேறொரு பாடம் சொல்கிறது. ஏழில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள், ஆறில் வழக்கம்போல. ஒரு டார்ச், இரண்டு கண். 2005ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. மொத்த மக்களையும் சேர்த்துப் பார்த்தால் இறப்பில் தெரிந்த குறைவு தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் புகையிலையோ மதுவோ பழகியவர்களுக்குள் மட்டும் பார்த்தபோது வாய்ப்புற்று இறப்பு 34 சதவீதம் குறைவு, அது தற்செயலுக்கு அப்பாற்பட்டது. வெற்றிலையோடு போயிலை போடும் எங்கள் கடற்கரையில் யார் வாயை முதலில் பார்க்கவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவாக யாரும் பதில் சொன்னதில்லை.

கடைசியாக மண். எங்கள் வீடு மணவாளக்குறிச்சிக்குப் பக்கம். 1909ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற தாதுவைக் கண்டுபிடித்ததிலிருந்து எங்கள் கடற்கரைக்கு ஒரு தனி வரலாறு. மோனசைட்டில் தோரியம் உண்டு, கதிர்வீச்சு உண்டு. ஊரில் யாருக்குப் புற்றுநோய் வந்தாலும் சாவுவீட்டுப் பேச்சு மணலில் போய்த்தான் முடியும்.

இதே மணல் வடக்கே கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளியிலும் இருக்கிறது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் அங்கே 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை வருடம் தொடர்ந்து பார்த்து 2009ல் முடிவை வெளியிட்டது. 1,379 புற்றுநோய்கள். கதிர்வீச்சு கூடக்கூட நோய் கூடியதா என்று பார்த்தால், கூடியதாகத் தெரியவில்லை. இதைச் சொன்னால் ஊரில் என்னை மணல் கம்பெனிக்காரி என்பார்கள். அதற்காக மறைக்க முடியாது. அதேபோல் இதை வைத்துக்கொண்டு ‘ஆபத்தே இல்லை’ என்று மேடையில் பேசுகிறவர்களையும் நான் நம்புவதில்லை. அந்த ஆய்வின் நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான விடை இருக்கக்கூடிய எல்லை, கூடுதல் ஆபத்து இல்லை என்பதையும் தழுவுகிறது, ஓரளவு ஆபத்து இருக்கலாம் என்பதையும் தழுவுகிறது. முதலில் அது கருநாகப்பள்ளியின் கணக்கு, எங்கள் ஊர்க் கணக்கு அல்ல. வித்தியாசம் தெரியவில்லை என்பதற்கும் வித்தியாசமே கிடையாது என்பதற்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் புரிந்துகொள்ளத்தான் இரண்டு வருடம் புள்ளியியல் படிக்கிறோம்.

அந்த மணலில் சீரியம் என்ற உலோகமும் உண்டு. இதயத்தின் உட்சுவர் தழும்பேறி இறுகிப்போகும் எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோசிஸ் என்ற நோய் ஒருகாலத்தில் கேரளத்து ஏழைப் பிள்ளைகளிடமும் இளைஞர்களிடமும் நிறைய இருந்தது. வால்வு செய்த அதே வலியத்தானும் அவருடைய குழுவினரும் 1980களில் ஒரு கருதுகோள் வைத்தார்கள்: மண்ணிலிருக்கும் சீரியம் கிழங்கு வழியாக உடம்பில் ஏறுகிறது, சத்துக்குறைவால் மக்னீசியமும் குறைந்திருக்கும்போது இதயத்தைத் தாக்குகிறது. கிழங்கு என்றால் மரச்சீனி. எங்கள் ஊரில் மீன்கறியோடு அதைத் தின்னாத ஆள் கிடையாது. நோயாளிகளின் இதயத் திசுவில் சீரியம் கூடுதலாக இருப்பதைக் காட்டினார்கள், விலங்குகளில் சோதித்தார்கள். முழுசாக நிரூபணம் ஆவதற்குள் நோய் குறைந்துகொண்டே வந்து, புதிய நோயாளிகள் அபூர்வமாகிவிட்டார்கள். மணலும் அப்படியே கிடக்கிறது, மரச்சீனியும் தின்கிறோம். சாப்பாடும் வாழ்க்கையும் மேம்பட்டதுதான் காரணமாயிருக்கும் என்பார்கள். கேள்வியைத் தீர்ப்பதற்குள் கேள்வியே கைநழுவிப் போன இந்த ஆராய்ச்சியின்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

எல்லாமே பெருமைப்படும் கதை என்று நினைக்கவேண்டாம். வாயைத் திறந்து பார்த்து உயிர் காத்த அந்தப் புற்றுநோய் மையத்திலேயேதான் 1999–2000ல் எம்4என் என்ற மருந்தை வாய்ப்புற்று நோயாளிகளுக்கு ஊசியாகப் போட்ட சர்ச்சையும் வந்தது. அதில் சம்பந்தப்பட்டிருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் விசாரித்துவிட்டு, தங்கள் விஞ்ஞானி உரிய நெறிமுறைக் குழு அனுமதி பெறவில்லை என்று 2001ல் சொன்னது. இன்றைக்கு எதிக்ஸ் கமிட்டியில் குறைந்தது ஏழு பேர் வேண்டும், அதில் மருத்துவம் தெரியாத பொதுஜனம் ஒருவர் இருக்கவேண்டும், சிகிச்சையை ஆட்களிடம் சோதிக்கும் ஆய்வு என்றால் முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே சிடிஆர்ஐ என்ற தேசிய ஆய்வுப் பதிவேட்டில் ஏற்றியாகவேண்டும் என்றெல்லாம் விதி இருப்பது இப்படிப்பட்ட அனுபவங்களுக்குப் பிறகுதான். மாணவர்கள் பதிவேட்டை வெறும் தொல்லையாகப் பார்ப்பார்கள். எனக்கு அதில் பிடித்த விஷயம், எதை அளக்கப்போகிறேன் என்று முன்கூட்டியே ஊரறிய எழுதிவிட்டால் பிறகு தூத்தூர்க்காரரைக் கணக்கிலிருந்து கழட்டிவிட முடியாது.

இப்போது அக்கா மகள் பி.ஃபார்ம் முடித்துவிட்டு, “சித்தி, கிளினிக்கல் ரிசர்ச் எடுக்கட்டா?” என்று கேட்கிறாள். பெங்களூரிலும் சென்னையிலும் வேலை இருப்பது உண்மை. அதில் நிறைய, பக்கவிளைவு அறிக்கைகளைத் திரையில் நிரப்பும் வேலை என்பதும் உண்மை. சம்பளம் வரும், அதைக் கேவலமாகச் சொல்லமாட்டேன். ஆறு மாத சர்டிபிகேட் கோர்ஸுக்கு லட்சக்கணக்கில் கேட்கிற விளம்பரங்களை அனுப்பினாள், அழித்துவிடச் சொன்னேன். அடிப்படை தெரிந்துகொள்ள ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் சென்னைத் தொற்றுநோயியல் நிறுவனம் இணையத்தில் நடத்தும் பயோமெடிக்கல் ரிசர்ச் பாடமே போதும், எம்.டி., எம்.எஸ். மாணவர்கள் அதைக் கட்டாயம் படிக்கிறார்கள். நோயாளிகளைவிட ஊர்களைப் பார்ப்பதில் ஆர்வம் இருந்தால் ஸ்ரீசித்திரையின் அச்சுத மேனன் மையத்தில் எம்.பி.எச் என்ற பொதுச் சுகாதார முதுகலை இருக்கிறது, 1997லிருந்து.

கல்லூரி எதுவானாலும் பணம் கட்டுவதற்கு முன் ஒன்று கேட்கச் சொன்னேன்: கடந்த மூன்று வருடத் தீசிஸ் தலைப்புகளைக் காட்டுங்கள், அதில் எத்தனை ‘வித்தியாசம் இல்லை’ என்று முடிந்தது? ஒரு கல்லூரிக்கு ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். அட்மிஷனில் இருந்தவர் பெருமையாகச் சொன்னார்: “நம்ம காலேஜ்ல அப்படி ஒண்ணுகூடக் கிடையாதும்மா, எல்லாமே பாசிட்டிவ் ரிசல்ட்தான்.” அவள் என்னைப் பார்த்தாள். நான் அடுத்த நம்பரைக் காட்டினேன்.